மயில்ராணியும் மற்ற ஐவரும்

"ஏனுங்க, மயில்ராணி எந்த பஸ்ஸுல வாராங்க?" என்று ஐந்தாவது தடவையாகக் கேட்டான் சென்றாயன். கொல்லிமலை பஸ் நிறுத்தத்தில் நின்ற அவன் கையில் ஆறு செண்டுமல்லி மாலை.

"இதே பஸ்தாம்பா. ஆறு பேரும் ஒண்ணா வாராங்க" என்றார் தனசேகரன்.

தனசேகரனுக்குச் சேந்தமங்கலத்தில் மோட்டார் பம்பு கடை. கொல்லிமலையின் வடக்குக் கோடியில் ஒத்தை அறை ஓட்டு வீடு ஒன்றும் உண்டு. பக்கத்து நிலத்துக்காரனான சென்றாயன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறான். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து போகும். அந்த வீட்டின் மேல் தனசேகரனுக்கு உயிர்.

ஆனால் ஊரில் ஒருத்தரும் அவரோடு வரத் தயாராக இல்லை. "எழுவது வளைவுலயும் வாந்தி எடுக்க என்னால முடியாதுங்க" என்று மனைவி அனுராதா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அதனால் தனசேகரன் மலையை இன்டர்நெட்டுக்குக் கொண்டு போனார். மூன்று வருஷமாக, 2000-லிருந்து, அர்த்தனாரியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு தமிழ் இணையக் குழுவில் மலையைப் பற்றி எழுதி எழுதி ஆறு நண்பர்களைச் சம்பாதித்திருந்தார். டொரண்டோ தமிழன், குவைத் குமரன், ரிட்டயர்டு மேஜர், நிலாமுகில், பலாச்சுளை, மயில்ராணி. ஒருத்தரையும் நேரில் பார்த்ததில்லை. இன்றைக்கு எல்லாரும் லீவு போட்டு வருகிறார்கள். வீட்டில் ஆறு பாய் விரித்தாகிவிட்டது. மூன்று நாட்டுக்கோழி அடுப்பில் இருக்கிறது.

பஸ் வந்தது. கூடைகளோடு பெண்கள் இறங்கினார்கள். ஒரு ஆடு இறங்கியது. கடைசியாக, முகம் வெளுத்துப்போய், அர்த்தனாரி இறங்கினார்.

"அட, அர்த்தனாரி! நீங்களும் அவங்களப் பாக்க வந்துட்டீங்களா? சந்தோசமுங்க. அவங்கெல்லாம் எங்க?"

அர்த்தனாரி செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டொரண்டோ தமிழன் நாந்தாங்க."

சொன்னதுதான் தாமதம், சென்றாயன் ஒரு மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டான்.

தனசேகரன் சிரித்தார். "விளையாடாதீங்க. அவரு பனியில கார் மாட்டிக்கிச்சுன்னு எழுதுனவரு. அப்ப குவைத் குமரன்?"

"அதுவும் நாந்தாங்க."

இரண்டாவது மாலை விழுந்தது.

"மேஜர்?"

மூன்றாவது மாலை.

"சென்றாயா, நிறுத்து!"

"நீங்கதானுங்க, பேரைச் சொன்னா போடுன்னு சொன்னீங்க" என்றான் சென்றாயன். நிலாமுகிலுக்கும் பலாச்சுளைக்கும் போட்டு முடித்தான். அர்த்தனாரியின் மூக்கு வரைக்கும் பூ ஏறிவிட்டது.

தனசேகரன் அவர் கிட்டே போனார். "பதில் வந்திருக்குன்னு உங்களையே கூப்பிட்டுக் காட்டுவேனே. 'அட, பரவால்லீங்களே'ம்பீங்களே!"

"நாலடி தள்ளி என் டேபிள்ல உக்காந்துதாங்க பதில் போடுவேன்."

"பலாப்பழமா அன்னாசியான்னு மேஜரும் பலாச்சுளையும் ஒரு மாசம் சண்டை போட்டாங்களே! நான் தூக்கமில்லாம சமாதானம் பண்ணி வெச்சனே!"

"எல்லாரும் ஒத்துப் போயிட்டே இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துருமுங்க."

"எதுக்கு? உங்க கடைக்கு ஆள் புடிக்கவா?"

"மொதப் பதில் அதுக்குத்தாங்க, பொய் சொல்லல. அன்னைக்கு ரெண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒரு பதிலும் வரலைன்னு தொங்கப்போட்ட மூஞ்சியோட எந்திரிச்சீங்க. இனி வர மாட்டீங்கன்னு நெனச்சு ஒண்ணு போட்டேன். ரெண்டாவதுல இருந்து எனக்கே புடிச்சுப் போச்சு. நீங்க எழுதி எழுதி, இந்த மலை எனக்கும் சொந்தமாட்டம் ஆயிருச்சு. வரலைன்னு எழுதத்தான் நேத்து உக்காந்தேன். பாய் விரிச்சாச்சுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. மனசு வரலீங்க."

"மூணு வருசம் என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க!" என்று கத்தினார் தனசேகரன். "போன வருசம் மயில்ராணிக்கு அம்மா தவறிப்போச்சுன்னு பதினாறு நாளும் எழுதினேன். என் கூடப்பொறந்தவளுக்குக்கூட அப்படி எழுதினதில்ல. அதுவும் புளுகா?"

கடைசி மாலையோடு கிட்டே வந்த சென்றாயன் அப்படியே நின்றுவிட்டான்.

"அது மட்டும் நெசமுங்க" என்றார் அர்த்தனாரி, பூவுக்குள்ளிருந்து. "அது எங்கம்மா."

"உங்கம்மாவா? எப்ப? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கடை பூட்டிக் கெடந்துச்சுங்களே. ஊர்ல அடக்கத்தை முடிச்சுட்டு மறுநாளே வந்துட்டேன். ஷட்டரை இறக்கிட்டு உள்ளயேதான் உக்காந்திருந்தேன். நீங்ககூட வந்து தட்டுனீங்க. 'பொறுப்பில்லாத ஆளு, கடையைப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிட்டான்'னு சத்தம் போட்டுட்டு நாமக்கல் பஸ் ஏறுனீங்க."

தனசேகரனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மயில்ராணிக்கு அன்றைய ஆறுதலை எழுதத்தான் நாமக்கல் பிரவுசிங் சென்டருக்குப் போனார். அவரால் அர்த்தனாரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அட, விடுங்க. சாயங்காலம் நாமக்கல்லுல இருந்து நீங்க எழுதுனது வந்துச்சுங்க. 'எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிடு கண்ணு'ன்னு. அதைப் படிச்சுட்டுத்தான் எந்திரிச்சுச் சாப்பிட்டேன்."