இருபத்து மூன்றாம் குச்சி

டீச்சர் டப்பாவைக் குலுக்கினாள்.

உள்ளே முப்பத்தெட்டு ஐஸ் குச்சிகள். குச்சிக்கு ஒரு வரிசை எண். பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே ஆளுக்கொன்று எழுதிப் போட்டவை. குச்சியில் யார் எண் வருகிறதோ அவள் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

எந்த எண் வருமென்று தெரியாதவரை எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த உபாயம். ஜூன் முழுக்கப் பலித்தது. தலைமையாசிரியை ஜன்னலருகே நின்று பார்த்துவிட்டு, மற்ற ஆசிரியைகளையும் ஒரு டப்பா வாங்கச் சொன்னார்.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது.

இருபத்து மூன்றாம் எண் உமையாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா வந்தாள்.

வேதவல்லி.

எட்டாம் வகுப்பில் இவளோடு படித்த, லீடராக இருந்த அதே வேதவல்லி.

வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பது லீடரின் வேலை. வேதவல்லி தினமும் முதலில் எழுதியது இவள் பெயரை.

அப்போது இவளுக்குத் திக்குவாய். அந்த வகுப்பில் யாரோடும் இவள் பேசியதே இல்லை.

பெயருக்கு இரண்டு அடி. உள்ளங்கையில். "நான் பேசலை சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் பிரம்பு இறங்கிவிடும்.

ஒரு வருஷம்.

கூட்டத்தில் வேதவல்லி வாய் நிறையச் சிரித்தாள். "உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே டீச்சர்."

வேதவல்லி மறந்தே போயிருந்தாள்.

மறுநாளிலிருந்து, கையில் எந்தக் குச்சி வந்தாலும் இவள் வாசித்தது ஒரே எண்ணைத்தான்.

உமையாள் எழுவாள். பதில் தெரிந்தால் அடுத்த கேள்வி. அதுவும் தெரிந்தால் அதற்கடுத்தது. தெரியாத இடம் வரும்வரை விடுவதில்லை. வந்துவிட்டால், மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும்.

பதினான்கு நாள் ஆயிற்று.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இருபத்தாறு வருஷம் நின்றுவிட்டு, கடைசியில் என் கையில் கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இன்று காலை விளக்கேற்றும்போதுகூட அதையேதான் நினைத்தாள்.

இன்றைக்கென்று, இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

டப்பா குலுங்கினால் முன்பெல்லாம் முப்பத்தெட்டு முதுகுகள் நிமிரும். இப்போது ஒன்றும் நிமிரவில்லை. ஒருத்தி நகத்து மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் ஏழாம் எண், நோட்டின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கினாள்.

"எந்திரிடி உமையா. டப்பா சாமி உன்னத்தான் கேக்குது."

யாரோ கிசுகிசுத்தார்கள். வகுப்பு சிரித்தது.

எண்ணைச் சொல்லும் முன்பே உமையாள் எழுந்து நின்றாள். உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

இவள் குச்சியை உருவினாள்.

இருபத்து மூன்று.

நிஜமாகவே.

இந்தக் குச்சி இதுவரை ஒரு முறைகூட இவள் கைக்கு வந்ததில்லை. சாய்ந்த, சின்ன எழுத்து. எண்ணுக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி. பரீட்சைத் தாளில் போடுவதுபோல. எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் என்று.

இன்று பொய் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதை வாசித்தால் போதும்.

கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

எட்டாம் வகுப்பின் அந்த ஒரு வருஷத்தில், அத்தனை பேரில், யாராவது ஒருத்தி எழுந்துபோய் டஸ்டரை எடுத்திருக்கலாம்.

ஒரே ஒரு நாள்.

குச்சியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஏழு," என்றாள்.

கடைசி பெஞ்ச் திடுக்கிட்டு எழுந்தது. மருதாணிக்காரி கையை மடக்கி நிமிர்ந்தாள். பிறகு அவளுக்கு முன்னால் இருந்தவள். அதற்கு முன்னால் இருந்தவள்.

உமையாள் மட்டும், உட்காரத் தெரியாமல், நின்றுகொண்டே இருந்தாள்.