வண்டியை விட்டு இறங்கியவன்

பிழைக்கப் போன தேசத்தில், பின்னால் வந்த போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றியதும் சகாயராஜ் காரை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தான்.

“இறங்காதீங்க, இங்க உக்காந்தே இருக்கணுமாம்” என்றாள் மனைவி அமலி.

“போலீஸ் முன்னாடி உக்காந்துக்கிட்டா? நான் என்ன கலெக்டரா?”

அவன் ஊரில் இறங்கிப் போவதுதான் மரியாதை; இறங்கி நடந்தான். போலீஸ்காரர் அவனுக்குப் புரியாத மொழியில் கத்தினார். தாமதத்துக்குத்தான் திட்டுகிறார் என்று நடையை எட்டிப் போட்டான். “வந்துட்டேன் சார், லைசென்ஸ் இருக்கு சார்!” என்று கோட்டுக்குள் கையை விட்டான்.

அவர் துப்பாக்கியை நீட்டினார்.

அவன் அப்படியே உறைந்தான். மறுபடியும் ஒரு கத்தல்.

“கையக் காட்டச் சொல்றாருங்க!” என்று அமலி அலறினாள். அவன் கை மெல்ல அசைந்தது. துப்பாக்கி முகத்துக்கு உயர்ந்தது.

“ஐயோ, வேணாம், கைய வெளிய எடுக்காதீங்க!” என்று அவளே மறுபடியும் அலறினாள்.

அவன் கை கோட்டுக்குள்ளேயே இருந்தது.