நிற்காத புள்ளி

பிரபா அடுப்படியில் உட்கார்ந்து சட்னிக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாமனார் சென்னியப்பன் போட்ட சத்தத்தில், தொட்டிலில் கிடந்த பிள்ளை திடுக்கிட்டுச் சிணுங்கியது.

"ஏண்டா சென்றாயா, வண்டி எதுக்குடா நின்னு கெடக்குது?"

நாமக்கல்லில் மாமனாருக்கு நாலு லாரி. நாலும் அவர் செல்போனில் நாலு புள்ளி. புள்ளி நின்றால் போதும், வண்டி எந்த ஊரில் இருந்தாலும் டிரைவருக்குப் போன் போய்விடும்.

"பைக்குல போனவன் உளுந்து கெடக்கறானுங்க. ஆம்புலன்சு வர்ற வரைக்கும்..." ஸ்பீக்கரில் சென்றாயன் இழுத்தான்.

"ரோட்டுல ஆயிரம் பேரு உளுவான். அவனவன் ஊட்டுல பாத்துக்குவாங்க. நீ வண்டிய எடு."

போனை அமுக்கிவிட்டு அடுத்த புள்ளியைப் பார்க்கப் போனார். அது கடலில் ஓடுகிற புள்ளி. அவருடைய ஒரே மகன், பிரபாவின் புருஷன் ஆனந்தகுமார்.

லாரி வேண்டாம், கடல்தான் வேண்டும் என்று சென்னைக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டப் பழகியவன். இப்போது சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் வரை பந்தயம். ஏழு படகு, ஒரு படகுக்கு ஒரே ஆள். ஆள் கண்ணயர்ந்தால் மெசினே சுக்கானைப் பிடித்து ஓட்டுமாம்.

அதைக் கேட்டதிலிருந்து மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சுதான். "அந்த மெசினு லாரிக்கு மட்டும் வரட்டும், இந்தச் சென்றாயனுக்கெல்லாம் ஒரு கும்புடு போட்டு அனுப்பிச்சுருவேன்!"

நேற்று சாயங்காலம் கடலிலிருந்து சாட்டிலைட் போனில் மகன் பேசினான். "மேல்தட்டுக்கு ஏறி வந்தா இடுப்புக் கயித்தைப் படகோட மாட்டியே இருக்கோணும்ப்பா. பந்தயக் கமிட்டி சட்டம். ஓடியாடிப் பாயை இழுக்க முடியல, இம்சையா இருக்குது."

"அவுத்து வீசுடா! கட்டுத்தறியில நிக்கற கன்னுக்குட்டியா நீ? நடுக்கடல்ல எந்தக் கமிட்டிக்காரன் வந்து பாக்கப் போறான்?"

மகன் சிரித்தது பிரபாவுக்கும் கேட்டது. 'அவுக்காதீங்க' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாமனார் கையில் இருக்கிற போனை வாங்கிப் பேச அவளுக்குக் கூச்சம். அப்படியே முழுங்கிவிட்டாள்.

"அம்மிணி! இந்தக் கூத்தைக் கேளு!" இப்போது கூடத்திலிருந்து ஒரே சிரிப்பு. "மத்த ஆறு பயலும் வண்டியத் திருப்பிட்டானுக. ஒரே எடத்துல போயி வட்டம் போடறானுக."

"ஏனுங்க மாமா, புயலு கியலுங்களா?" கை பாட்டுக்குக் கடலையை உரித்தது.

"புயலாவது! பயந்துட்டானுக. டீக்கடை வாசல்ல லாரியப் போட்ட மாதிரி கூட்டமா நிக்கறானுக. நம்ம பையனைப் பாரு, கோடு கிழிச்சாப்பல நேராப் போறான். எங்கயும் நிக்கல. எம் ரத்தமாக்கும்!"

"நேராவே போறாருங்களே... தூங்கறாருங்களோ?"

"தூங்குனா என்ன? வண்டி ஓடுதில்ல!"

அதோடு விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போன் போட்டு லட்டு கட்டச் சொன்னார்.

அப்போதுதான் பிரபாவின் போன் அடித்தது. புது நம்பர். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஆனந்தகுமார் வீடுங்களா? பந்தயக் கமிட்டியில இருந்து பேசறோம்மா. பக்கத்துல பெரியவங்க இருக்காங்களா?"

"நான் அவரு சம்சாரந்தானுங்க. சொல்லுங்க."



"காலையில இருந்து ரேடியோவுல கூப்பிடறோம், பதில் இல்லை. பின்னால வந்த படகுக்காரர் கிட்டப் போய்ப் பார்த்திருக்கார். படகு போய்க்கிட்டுதான் இருக்கும்மா. இடுப்புக் கயிறு அவிழ்ந்து கிடக்கு. ஆள் இல்லை."

கடலைத் தோல் ஒன்று அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"புள்ளி போகுதுங்களே சார்... எங்க மாமா இப்பக்கூடப் பாத்தாருங்க..."

"அது படகோட புள்ளிம்மா. மெசின் ஓட்டிக்கிட்டுப் போகுது. அவர் மிதவைச் சட்டையில இருக்கற கருவி விடியக்காலம் ஒரே ஒரு தடவை சிக்னல் கொடுத்துச்சு. அப்புறம் இல்லை. அந்த இடத்துலதான் ஆறு படகும் சுத்திச் சுத்தித் தேடிக்கிட்டிருக்கு."

"பந்தயத்தை உட்டுட்டுங்களா?"

"ஒருத்தர் விழுந்தா மத்தவங்க எல்லாரும் நிக்கணும்மா. அதுதான் எங்க முதல் சட்டம். ஆனா நேரமாயிருச்சு... கடலும் சரியில்லை. மனசைத் திடப்படுத்திக்கங்க."

தொட்டிலில் பிள்ளை மறுபடி சிணுங்கியது. பிரபா சுவரைப் பிடித்து எழுந்தாள். கூடத்துக்குப் போய் எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது, 'மாமா, நின்ன அந்த ஆறு பேரும் நம்ம...' என்று அவள் வாயைத் திறப்பதற்குள்,

"பிரபா! போட்டது போட்டபடி ஓடியா சாமி! அவனுக இன்னும் அங்கயேதான் நிக்கறானுக, நம்ம பையன் மட்டும் நிக்காம..."