வாசம் பார்க்க வந்தவள்

"அவசரப்படாதே யோரிஸ். இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள் ஹெர்லிண்டா.

பீப்பாயின் சின்னக் குழாயைத் திறந்து யோரிஸ் பீரைப் பிடித்துக் கொடுத்தான். அவள் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். மனைவியாக இருந்த காலத்தில் அவன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் அது.

"எலுமிச்சைத் தோல். பின்னாடியே ஈர வைக்கோல். சேர்த்துக்கலாம்."

அவன் அந்தப் பீப்பாயில் சாக்கட்டியால் கோடு போட்டான்.

"இதையெல்லாம் நீயே பார்ப்பியே. இப்ப நான் எதுக்கு?"

"ரெண்டு பேர் பார்த்தா நல்லதுன்னுதான்."

அது பொய். போன குளிர்காலக் காய்ச்சலோடு அவன் மூக்கு செத்துப்போயிருந்தது. நாக்கில் புளிப்பு தெரியும், அவ்வளவுதான். அவன் பீருக்கு ஈஸ்ட் போடுவதில்லை. பள்ளத்தாக்குக் காற்றில் வருவதுதான் அதைப் புளிக்கவைக்கும். அதனால் ஒரு பீப்பாய் மாதிரி இன்னொன்று இருக்காது. எதை எதோடு கலப்பது என்று முகர்ந்துதான் முடிவுசெய்ய வேண்டும். நாளை கலந்து புட்டியில் அடைத்தாக வேண்டும். மூக்கு போனவன் என்று தெரிந்தால் பிரஸ்ஸல்ஸில் ஒரு கடைக்காரனும் அவனைச் சீந்தமாட்டான். கூடவே வேலை பார்க்கும் ஃபோன்ஸிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை.

அந்த வட்டாரத்தில் ஹெர்லிண்டாவின் மூக்கை மிஞ்ச ஆளில்லை. 'உனக்கு இந்தப் பீப்பாய்ங்களே போதும்' என்று சொல்லிவிட்டு கென்ட் நகரத்துக்குப் போனவளை, வெட்கத்தை விட்டு போனில் அழைத்தான். மறுநாளே வந்துவிட்டாள்.

மதியம் ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, மேலே முள்ளங்கி நறுக்கிப் போட்டுக் கொடுத்தான்.

"இன்னும் இப்படித் தடித்தடியாத்தான் நறுக்குறியா?"

"சொல்லித் திருத்த ஆளில்லையே."

அவள் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கூந்தல் அவன் தோளில் உரசியது. அதன் வாசத்துக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறான். இப்போது அதுவும் அவனுக்கு எட்டவில்லை. 'இங்கேயே இரேன்' என்று சொல்ல நினைத்தான், வாய் வரவில்லை.

மூலையிலிருந்த பீப்பாயைக் கடைசியாகத் திறந்தார்கள். அதில்தான் அவள் நெடுநேரம் நின்றாள்.

"நம்ம முதல் வீட்டு ஜன்னல் பக்கம் பேரிக்காய் மரம் பூக்குமே, அந்த வாசம். இதைக் கண்டிப்பா சேர்த்துக்க."

யோரிஸ் அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.

குளிருக்கான மேல்கோட்டு மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். "அடுத்த வருஷமும் கூப்பிடுவியா?"

"கூப்பிடுறேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் ஃபோன்ஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"மூலைப் பீப்பாயை எதுக்கண்ணே திறந்தீங்க? எலி செத்த மாதிரி நாத்தம் முற்றம் வரைக்கும் வருது. அது கெட்டுப்போச்சு, கொட்டணும். அதுல போய்க் கோடு போட்டிருக்கீங்க?"

யோரிஸ் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மூலைப் பீப்பாய் நாறுதாம். ஃபோன்ஸ் சொல்றான்."

அவள் நிமிர்ந்தாள். "நாறுதாமா? உனக்குத் தெரியலையா?"

"காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசமும் தெரியல. அதனாலதான் உன்னை வரச் சொன்னேன். நீ ஏன் பூ வாசம்னு சொன்னே?"

பஸ் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. அது போனதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் அதே காய்ச்சல்தான் யோரிஸ். எனக்கும் ஒண்ணும் தெரியாது. காலையிலேருந்து பழைய ஞாபகத்துல சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து வந்தே?"

"நீ கூப்பிட்டியே" என்றாள்.