வராந்தா பெயின்ட்

"வீட்டுக்கு மதிப்புப் போட வந்தவருக்குக் கண்ணுல கோளாறும்மா. நீங்க புதுசா ஒருத்தர அனுப்புங்க," என்றார் வென்டெல்.

வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற, டொலீடோ நகரில் அவர் ஏறி இறங்கும் மூன்றாவது கடன் கம்பெனி இது.

அவர் நீட்டிய மதிப்பீட்டு அறிக்கையை அதிகாரி ஷெல்பி படித்தாள். வீட்டுக்கு நல்ல மதிப்புதான் போட்டிருந்தார்கள். ஆனால் முன் வராந்தாவில் பெயின்ட் உரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்தால்தான் கடன்.

"இது அரசாங்க உத்தரவாதக் கடன், சார். அறிக்கை வீட்டோட ஒட்டிக்கிட்டது. எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் ஆறு மாசத்துக்கு இதேதான் கூட வரும்."

"நான் வளர்த்த நாய்கூட இவ்வளவு விசுவாசமா பின்னாடி வந்ததில்ல!"

"பெயின்ட் அடிக்கிறதவிட கம்பெனி மாறுறது சுலபம்னு இவருக்கு நெனப்பு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மாவிஸ். "இவரு அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள வட்டி மறுபடி ஏறிடும்."

"அரை நாள் வேலை சார். ஒரு பெயின்டரக் கூப்பிட்டா முடிஞ்சது."

"நல்ல பெயின்டருக்கு இப்ப ஏகப்பட்ட கிராக்கிம்மா," என்றார் வென்டெல். குரலில் ஏனோ கொஞ்சம் பெருமை.

"ஏப்ரல்லேருந்து கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றாள் மாவிஸ். "ஊர்ல இருக்கற அத்தனை வராந்தாவையும் முடிச்சிட்டு, அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாரு."

"அவ்வளவு திமிரா? நம்பரக் குடுங்க, நான் பேசறேன்," என்றாள் ஷெல்பி.

"நம்பர் எதுக்கும்மா?" மாவிஸ் கணவரின் தோளைத் தட்டினாள். "உங்க எதிர்லதான உக்காந்திருக்காரு, நேராவே கேளுங்க."