நெடிலுக்கு வாய் வேணும்

"மொதல்ல மீசைய எடுத்துட்டு வா. அப்புறம் இங்கிலீஷு பேசலாம்!"

சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் போட்ட அதட்டலில் தங்கதுரை ஆடிப்போனான்.

"மீசைக்கும் இங்கிலீஷுக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"அடுத்தது யாரு?" என்றார் அவர்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் விற்பனை கவுண்டரில் நிரந்தர வேலை ஒன்று காலி. மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும் வியாபாரிகள் இங்கிலீஷில் பேசுகிறார்களாம். அதனால் இங்கிலீஷ்க் குறில் நெடில் தெரிந்தவர்களுக்கே வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பரீட்சை வைக்கும் பொறுப்பு ராஜமாணிக்கத்துக்கு. பதினெட்டு வருஷம் அரவை மிஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவருக்கு இங்கிலீஷ் எப்போது வந்தது என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பெரிய மனுஷர்!

அடுத்து நீலாவதி உள்ளே வந்தாள். ஆறு வருஷமாகத் தினக்கூலி. சூளையிலிருந்து வரும் கப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கணீரென்று நீளமாக ஒலித்தால் நல்ல கப்பு. டொக்கென்று நின்றுவிட்டால் விரிசல், குப்பைக்குப் போகும். மழைக்காலத்தில் சூளை நின்றால் அவள் கூலியும் நின்றுவிடும். போன ஐப்பசியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றவே அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

"சன்னலாண்ட வா. வெளிச்சத்துல நில்லு. முந்தானையால வாயை மூடாத! சொல்லு, ஷிப்."

"ஷிப்."

"கப்பலு. குறிலு. சரி. இப்ப ஆடு. ஷீப்."

"ஷீப்."

"தப்பு! இழுத்துச் சொல்லு!"

"ஷீ...ப்."

"இன்னும் குட்டையாவே நிக்குது. ஆட்டுக்கு நாலு காலு இருக்குது, உன் ஆடு நொண்டுது!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

மேஜை மேல் டெலிபோன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. பெரிய அதிகாரிகள் மணி அடித்ததும் எடுத்துவிட்டால் மரியாதை என்ன ஆகும்!

"சார், போனு..."

"போகக் கூடாது! பரீட்ச முடியல. பீட் சொல்லு."

"பீ...ட்."

"தப்பு!"

நீலாவதிக்கு அழுகை முட்டியது. சரியாகத்தானே சொல்கிறோம், இவருக்கு இன்னும் எவ்வளவு நீளம் வேண்டும்?

"எட்டாங்கிளாஸுக்கு இவ்ளோதான் வரும்," என்று பேனாவை மூடினார் ராஜமாணிக்கம். "இதுக்கெல்லாம் காது வேணும்மா, காது! உச்சரிப்புன்னா எப்பிடி இருக்கணும் தெரியுமா? இந்தா, இதுமாரி!"

மேஜையிலிருந்த கப்பை எடுத்துப் பேனாவால் ஓங்கித் தட்டினார்.

டொக்.

"கேட்டியா? எப்பிடி கணீர்னு பாடுது பாரு!"

நீலாவதி கப்பைப் பார்த்தாள். இன்னும் அடித்துக்கொண்டிருந்த டெலிபோனைப் பார்த்தாள். பிறகு, தன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்றேங்க சார்."

முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டை இரண்டு காதுவரைக்கும் இழுத்து, 'ஷீப்' என்று வாயை மட்டும் அசைத்தாள். சத்தம் துளியும் வெளியே வரவில்லை.

"சபாஷ்! நெடிலுன்னா இதாம்மா நெடிலு!" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் ராஜமாணிக்கம்.