புள்ளி வைத்த ஃபோல்டர்

உள்ளே வந்ததும் அந்தப் பெரியவர் செய்த முதல் காரியம், கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுதான்.

"எதுக்கு சார் சாத்துறீங்க? கொஞ்சம் காத்து வரட்டுமே" என்றாள் கடைக்காரி. பத்துக்கு எட்டு ஃபோன் ரிப்பேர் கடை அது. மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் தெருவில் ஈ காக்கை இல்லை.

"சாத்தியே இருக்கட்டும்மா." பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஃபோனை மேஜைமேல் வைத்தார். "கேலரியில ஒண்ணு ரெண்டு படம்தான் இருக்கு. ஆனா இடமே இல்லன்னு சொல்லுது. அப்ப மத்ததெல்லாம் எங்க இருக்கு?"

அந்த மாடலைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதுல கம்பெனிக்காரன் ஃபைல் மேனேஜரே வைக்கல சார். ஜனங்களுக்கு எதுக்கு அதெல்லாம்னு எடுத்துட்டான். வீட்டை வாடகைக்குக் குடுத்துட்டுப் பரணைப் பலகை போட்டு அடைச்ச கதைதான். நான் ஒண்ணு ஏத்தித் தரேன், மூலை முடுக்கெல்லாம் காட்டும்."

"ஒளிச்சு வெச்சதையுமா?"

"அதையும்தான். பயமா இருக்கா சார்?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பார்த்துப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் எண்ணைப் போட்டார். சொந்த ஃபோனுக்கே சீட்டு வைத்திருப்பவர்கள் தினம் நாலு பேராவது வருவார்கள் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நம்ம கடைய யாரு சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. இந்தக் கடை போட்டோவைப் பார்த்துதான் வந்தேன்."

போன வாரம் நெட்டில் போட்ட விளம்பரம் வேலை செய்கிறது என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஃபைல் மேனேஜரை ஏற்றி, மறைந்திருப்பதையும் காட்டச் சொல்லி ஒரு தட்டு தட்டினாள். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஃபோல்டர் ஒன்று தலைகாட்டியது. கேலரியின் கண்ணில் மண்ணைத் தூவ அந்த ஒரு புள்ளி போதும். உள்ளே முந்நூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன.

முதல் படத்தில் ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அந்தப் பச்சைத் தோள்பையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நிமிர்ந்தவள், அது தன் நாற்காலியில் தொங்குவதைக் கண்டாள்.

அடுத்த படத்தில் அவள் தன் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததில் பள்ளிக்கூட வாசலில் மகளின் கையைப் பிடித்திருந்தாள். இன்னொன்றில் இதே மேஜையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். எடுத்தவன், இப்போது பெரியவர் நிற்கிற இடத்தில் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும்.

அவள் படங்களைத் தள்ளுவதை நிறுத்தினாள். யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எல்லாரும் பிரமை என்றார்கள். தினமும் ஸ்பேர் பார்ட்ஸ் பார்சல் கொண்டுவரும் கூரியர் அண்ணன் மட்டும்தான் அதைக் காதில் போட்டுக்கொண்டார்.

"எதுன்னாலும் ஒரு மெசேஜ் போடு தங்கச்சி, எங்க இருந்தாலும் வந்து நிப்பேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னபடியே இரண்டு தடவை, கூப்பிட்ட ஐந்தாவது நிமிஷத்தில் வந்தும் நின்றார்.

"என்னம்மா, ஏதாவது வந்துச்சா?" பெரியவர் எக்கிப் பார்த்தார்.

"இன்னும் ஏறிட்டிருக்கு சார்." ஃபோனைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, மேஜைக்குக் கீழே மறு கையால் தன் ஃபோனில் அடித்தாள்: 'அண்ணே, கடைக்கு வாங்க. சீக்கிரம்.' நாலே சொல், அதை அடிப்பதற்குள் விரல் நாலு முறை வழுக்கியது.

"பொய் சொல்லாத. உன் மூஞ்சி வெளுத்துப்போச்சு." பெரியவரின் குரல் தாழ்ந்தது. "ஒரு பொண்ணு படமா?"

அவள் ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதக் குடு. நான் பாக்கணும்."

மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் இந்தப் பக்கம் வந்தார். அவள் ஃபோனை அப்படியே போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த திருப்புளியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். மூன்று மணிக்கு மகளுக்குப் பள்ளிக்கூடம் விடும், யார் போய் அழைத்து வருவார்கள் என்ற நினைப்புத்தான் ஓடியது.

பெரியவர் ஃபோனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு படத்தில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு இவள் முகத்தைப் பார்த்தார்.

அப்போது கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். கூரியர் அண்ணன்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரியவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னாலேயே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார் பெரியவர்.

"திறக்காதம்மா" என்றார் மெல்ல. "நிக்கிறது என் மருமகன். இது அவன் வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்த ரெண்டாவது ஃபோன்."